நூல் வழுக்கிய டம்ளர்

எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. பிறவிக் குணம் என்பாள் என் மனைவி. தொழில் குணம் என்பேன் நான். ஹூஸ்டன் கப்பல் கால்வாய் ஓரத்தில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. நாலு மாடி உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக நிற்கும் உருளைகள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று மூன்றையும் பொருத்திப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பொருந்தவில்லை என்றால் ஒன்று கசிவு, இல்லை திருட்டு, அதுவும் இல்லை என்றால் அளந்ததில் பிழை. பதினாறு வருஷமாக என் மனசு முதலில் ஓடுவது திருட்டுப் பக்கம்தான். பாதி நேரம் அது தப்பாகப் போயிருக்கிறது. ஆனாலும் புத்தி மாறவில்லை.

அந்தப் புத்தியோடு என்னைப் பெற்ற அப்பாவை மூன்று வாரம் வேவு பார்த்தேன்.

அம்மா போன பிறகு அப்பாவை ஆறு மாதத்துக்கு, ஹூஸ்டனை ஒட்டிப் பேர்லேண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். அவருக்கு இதயம் பலவீனம். ஊரிலேயே ஒரு முறை நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இங்கே நாங்கள் பார்த்த இதய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரம்மா. அவர் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒரு நாளைக்கு ஒண்டரை லிட்டர். தண்ணி, கோப்பி, ரசம், மோர் எல்லாம் சேர்த்துத்தான். காலமை எழும்பின உடன எடை பாருங்கோ. கெதியா ஏறினா அது சதை இல்லை, தண்ணி. திரும்ப நெஞ்சுக்குள்ள போச்செண்டா இந்த முறை தாங்கமாட்டார்."

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் டம்ளர். அப்பா கண்ணாடி கிளாஸில் குடிக்கமாட்டார், பாட்டிலைத் தொடமாட்டார். எங்கள் ஊர் கோபியிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்து வந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. விளிம்புக்குக் கீழே அம்மாவின் பெயரைப் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். அதை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தால்தான் அவருக்குத் தாகம் அடங்கும். ஒன்றரை லிட்டருக்கு இந்த டம்ளரில் எத்தனை என்று தெரிந்தாக வேண்டும்.

கேக் செய்ய வைத்திருக்கும் அளவு ஜாடியை மனைவி எடுத்து வந்தாள். "இதுல ஊத்திப் பாத்தா முடிஞ்சுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாடித் தொட்டியை அளப்பவனுக்கு ஒரு டம்ளர் எம்மாத்திரம். தொட்டியைச் சுற்றி நாங்கள் எஃகு நாடா போட்டுச் சுற்றளவு எடுப்போம். இங்கே பூக்கட்டும் நூல் போதும் என்று ஒரு துண்டு கத்தரித்தேன். டம்ளரின் நடுவில் சுற்றி இழுத்தால் நூல் வழுக்கிக் கொண்டு கீழே போனது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் போனது. சனியன் என்று திட்டிவிட்டு, கடைசியில் வழுக்காமல் நின்ற இடத்தில், அடிப்பக்கத்தை ஒட்டி, இறுக்கிப் பிடித்து அளந்தேன். இருபது சென்டிமீட்டரும் ஒரு மயிரிழையும். அதிலிருந்து ஆரம் மூன்று புள்ளி இரண்டு. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதைப் பையால் பெருக்கி, பத்து சென்டிமீட்டர் உயரத்தாலும் பெருக்கினால் முந்நூற்று இருபத்தொன்று. ஒரு மில்லி பிசகாமல் கணக்கு வந்துவிட்டது. ஜாடி அலமாரிக்குத் திரும்பிப் போனது.

நாலு டம்ளர் தண்ணீர். மிச்சம் இருநூற்றுச் சொச்சத்தில் காப்பி, ரசம், மோர். இப்படி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"டம்ளர் நெறைய ஊத்திக்கிலாமா கண்ணு, இல்ல கொறையாவா?"

"ததும்ப ஊத்திக்குங்கப்பா. அது உங்க பங்கு."

அப்பா அப்படியே செய்தார். கோடு போட்டு எண்ணிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் எடை நூற்று நாற்பத்திரண்டு பவுண்டு. நாலாம் நாள் நூற்று நாற்பத்தைந்து. கணுக்காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, அது மறைய நேரம் பிடித்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். நீர் பிரியும் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். ஸ்பீக்கரில் அப்பாவிடமும் பேசினார்.

"ஐயா, ஒளிச்சு மறைச்சுக் குடிக்கிறீங்களோ?"

"இல்லீங்கம்மா," என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது போல எனக்குப் பட்டது. அன்று விழுந்த விதை அதுதான்.

மாத்திரை ஏறிய பிறகும் எடை இறங்கவில்லை. நூற்று நாற்பத்தாறு ஆனது. வந்தது நாலு டம்ளர் என்று காகிதத்தில் கோடு சொல்கிறது, இருப்பு அதைவிட அதிகம் என்று எடைமிஷின் சொல்கிறது. கணக்கில் வராத தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே போகிறது. அப்பாவுக்கு மறுபடி நெஞ்சில் நீர் கோத்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அந்தப் பயம் அழுகையாக வரவில்லை, துப்பறியும் புத்தியாக வந்தது.

சமையலறையில் ஒரு சின்னக் கேமரா வைத்தேன். மாவு டப்பாவுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல். ஆபீஸில் தொட்டிகளின் மட்டத்தைக் காட்டும் திரைக்குப் பக்கத்தில் போனை நிறுத்திவைத்து என் வீட்டுச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மதியம் இரண்டு மணிக்கு அப்பா வருவார். சிங்க் முன்னால் நிற்பார். குழாயையே பார்ப்பார். பிறகு திரும்பிப் போய்விடுவார். மறுநாளும் அதே இரண்டு மணி, அதே குழாய். வேறு யாராவது பார்த்திருந்தால் பாவம், மனுஷனுக்குத் தாகம் என்று நினைத்திருப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே குடிக்கவில்லை என்றால் வேறு எங்கோ குடிக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

வேறு எங்கோ என்றால் அவர் பாத்ரூம்தான். அன்று சாயங்காலம் அப்பா வாக்கிங் போயிருந்தபோது, வாஷ்பேசின் அடியில் இருக்கும் வால்வைத் திருகி மூடினேன். மறுநாள் காலை கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன். குழாயைத் திருப்பும் சத்தம். மறுபடி திருப்பும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குளியல்தொட்டிக் குழாயில் குவளையில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. பல் துலக்கிவிட்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். கையில் பேஸ்ட் நுரை காய்ந்திருந்தது.

"பாத்ரூம்ல நான் குடிக்கறதில்ல கண்ணு," என்றார்.

நான் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதுபோல இருந்தது எனக்கு. மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி வந்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மாமா அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க. உங்களுக்கு ஆபீஸ் புத்தி. வீட்டுக்குள்ள வந்தா ஷூவைக் கழட்டறீங்கல்ல, அதையும் கழட்டி வைங்க."

கழற்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், எட்டாவது படிக்கும் என் மகள் எதிரில் உட்கார்ந்திருக்க, அப்பாவிடம் நேராகவே கேட்டேன்.

"எங்கப்பா குடிக்கறீங்க? சொல்லிருங்க. திட்டமாட்டேன்."

அப்பா சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "நாலு டம்ளர்தான் குடிக்கறேன் சாமி."

"மிஷின் பொய் சொல்லாதுங்கப்பா."

அப்பா ரசத்தைக் கையால் தொடாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தமிழில் திட்டத் தெரியாத குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து அப்பா ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தார். சமையலறையில் டம்ளரைத் ததும்ப ஊற்றிக்கொண்டு பின்கட்டு நாற்காலிக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வருவார். மாவு டப்பாவுக்கு நேராக வந்து நின்று, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டும் விழாது. பிறகு காகிதத்தில் கோடு போடுவார். திரையில் அதைப் பார்த்தேன். கேமரா இருப்பது அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கவிழ்ப்பு எனக்குப் புதிதல்ல. அப்பா முப்பது வருஷம் பால் சொசைட்டியில் அளந்து ஊற்றியவர். வரிசையில் யாராவது ஒருத்தர், கொஞ்சத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறார் என்று முணுமுணுத்தால், வாதாடமாட்டார். அளவுக் குவளையை அந்த ஆளின் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். சந்தேகப்படுகிறவர்களுக்கு மட்டும்தான் அப்படிக் காட்டுவார்.

எடை இறங்க ஆரம்பித்தது. நூற்று நாற்பத்து மூன்று. நூற்று நாற்பது. ஒரு வாரத்தில் நூற்று முப்பத்தேழு. "பாத்தியா? கேட்டதும் நின்னுபோச்சு," என்று மனைவியிடம் சொன்னேன். கிடங்கில் ஒரு திருட்டைக் கண்டுபிடித்த நாளில் வரும் நிம்மதி எனக்கு வந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்து, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று புளியோதரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அப்பாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. சாதம் தரையில் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டே அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. அதை நான் வீட்டில் கவனிக்கவே இல்லை. எடைமிஷினைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த ஒரு டாக்டர் அங்கிள் குனிந்து நாடி பார்த்து, புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"உடம்புல தண்ணியே இல்ல. முதல்ல தண்ணி குடுங்க."

மனைவி பேப்பர் கப்பை நீட்டினாள். அப்பா கையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம்மா. கணக்கு எச்சாயிரும், நாலு டம்ளரத் தாண்டிரும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குடிக்கலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனுஷன், கோயில் தரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மடக்குத் தண்ணீருக்கு என் முகத்தைப் பார்த்தார். "குடிங்கப்பா," என்றேன்.

டாக்டரம்மா போனிலேயே மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். மாத்திரைதான் அதிகமாகிவிட்டது, அதனால்தான் மயக்கம் என்று நானும் சமாதானம் ஆனேன். அப்போதும் திருட்டுத் தண்ணீர் விஷயத்தில் நான் நினைத்தது சரிதான் என்றே இருந்தேன். அதை விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் நோட்டோடு வந்தாள். வீட்டில் உருளையாக இருக்கும் ஒரு பொருளை எடு, அளந்து கனஅளவைக் கணக்கிடு, பிறகு தண்ணீர் ஊற்றிச் சரிபார் என்று பள்ளியில் வேலை கொடுத்திருந்தார்கள். அவள் எடுத்தது தாத்தாவின் டம்ளர்.

"அப்பா, மை ஆன்சர் இஸ் ராங். தண்ணி ஊத்தினா மேட்ச் ஆகலை," என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஐந்நூற்று இரண்டு என்று போட்டிருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. "முந்நூத்தி இருபத்தொண்ணு வரணும். ஆரம் தப்பா எடுத்திருக்கே. நாலு இல்ல, மூணு புள்ளி ரெண்டு."

அவள் ஸ்கேலை டம்ளரின் வாயில் குறுக்கே வைத்துக் காட்டினாள். எட்டு சென்டிமீட்டர். பாதி நாலு. அவள் தப்பு செய்யவில்லை. பிறகு டம்ளரைக் கவிழ்த்து அடியில் ஸ்கேலை வைத்தாள். ஆறு புள்ளி நாலு. பாதி மூன்று புள்ளி இரண்டு. நானும் தப்பு செய்யவில்லை. அவள் டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இட்ஸ் நாட் ஈவன் எ சிலிண்டர், அப்பா."

நூல் ஏன் வழுக்கியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேலே அகன்று கீழே குறுகும் பாத்திரத்தில் நூல் நிற்காது, குறுகலான பக்கம்தான் ஓடும். அந்த நூல் இரண்டு முறை என்னிடம் உண்மையைச் சொன்னது. நான் சனியன் என்று திட்டினேன். ஒரு தொட்டியைக்கூட நாங்கள் ஒரே இடத்தில் அளப்பதில்லை. எண்ணெயின் பாரத்தில் வயிறு தள்ளியிருக்கும் என்று ஒவ்வொரு உயரத்திலும் நாடா போடுவோம். ஒரே இடத்தில் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் கிடங்கில் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அலமாரியிலிருந்து அளவு ஜாடியை எடுத்தேன். டம்ளரில் ததும்பத் தண்ணீர் பிடித்து ஜாடியில் ஊற்றினேன். நானூற்றுப் பத்து. என் எண்ணுக்கும் அவள் எண்ணுக்கும் நடுவில் உண்மை உட்கார்ந்திருந்தது. ஆரத்தில் முக்கால் சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்குகிறோமே. டம்ளருக்குத் தொண்ணூறு மில்லி கூடுதல். நாலு டம்ளருக்கு ஏறக்குறைய இன்னொரு டம்ளர். கணக்கில் வராத தண்ணீர் என்று நான் வீடு முழுக்கத் தேடியது, நானே ததும்ப ஊற்றிக்கொள்ளச் சொன்ன தண்ணீர்.

அப்போதும் என் புத்தி விடவில்லை. அப்பா ஒழுங்காக நாலுதான் குடித்தார் என்றால், நான் கேட்ட பிறகு எடை ஏன் அப்படி விழுந்தது? மாத்திரை ஏற்கனவே கூடித்தான் இருந்தது. வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. மகள் பென்சிலைக் கடித்தபடி தரையைப் பார்த்தாள்.

"தாத்தா ஒன்லி டிரிங்க்ஸ் ஹாஃப். மிச்சம் கறிவேப்பிலைச் செடிக்கு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னார்."

பின்கட்டில் கறிவேப்பிலைத் தொட்டியில் மண் ஈரமாக இருந்தது. பல நாளாகவே ஈரமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மனைவி ஊற்றுகிறாள் என்று நினைத்திருந்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே படியில் உட்கார்ந்தேன். டம்ளர் என் கையில் இருந்தது.

"டம்ளரை நான் தப்பா அளந்துட்டேங்கப்பா. நான் சொன்னதவிட ஜாஸ்தி பிடிக்குது."

அப்பா டம்ளரை வாங்கி விரலால் விளிம்பைத் தடவினார். "அப்ப நான் எச்சாத்தான் குடிச்சிருக்கேன்."

"நான் குடுத்ததத்தானுங்கப்பா குடிச்சிருக்கீங்க."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏங்கப்பா கொட்டுனீங்க? மயக்கம் போட்டு விழுந்தீங்களே. ஏதாச்சும் ஆகியிருந்தா?"

அப்பா டம்ளரைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"குடிக்கலைன்னு நான் சொன்னேன், நீ நம்பலை. மிஷின் சொன்னா நீ நம்புவேன்னு தோணுச்சு கண்ணு."

நான் அழுதேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அன்றைக்கே பாத்ரூம் வால்வைத் திறந்தேன், கேமராவை எடுத்துப் பெட்டியில் போட்டேன், ஃபிரிட்ஜில் மூன்று டம்ளர் என்று திருத்தி எழுதினேன். எடை நூற்று நாற்பதுக்கு வந்து அங்கேயே நின்றது. டாக்டரம்மா அப்பாவைக் கெட்டிக்காரர் என்று பாராட்டினார். தப்பு யாருடையது என்று அப்பா அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அப்பா இப்போது கோபியில் இருக்கிறார். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் அங்கே விடியற்காலை. வீடியோவில் பேசும்போது முதல் டம்ளரை எங்கள் எதிரில்தான் குடிப்பார். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில். குடித்து முடித்ததும் டம்ளரைப் போனுக்கு நேரே கவிழ்த்துக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

வேண்டாங்கப்பா என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். அதற்குள் என் கண் டம்ளருக்குக் கீழே போய், சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிடுகிறது.